டிவிசனை மாற்றினாலும் சார்ட் அசையவில்லையா? கொழுந்துக் கணக்கு விரிதாளில் பிழை தேடும் வழி

தேயிலைத் தோட்டத்தின் கொழுந்துக் கணக்கு ஃபைலில், பட்டியலில் ஒரு டிவிசனை (தோட்டப் பிரிவை) தெரிவுசெய்தால் சார்ட்டும் அந்த டிவிசனின் கொழுந்தைக் காட்ட வேண்டும். மலையின் (கொழுந்தெடுக்கும் நிலத்துண்டின்) இலக்கத்தை மாற்றினால் கோடும் மாற வேண்டும். இப்படி அமைத்த ஃபைல்கள் சில வாரம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திடீரென்று அடம்பிடிக்கும். அப்போது பலர் சார்ட்டை அழித்துவிட்டுப் புதிதாகக் கீறுவார்கள். புதியதும் அதே பிழையைத்தான் காட்டும். ஏனென்றால் பிழை அநேகமாகச் சார்ட்டில் இருப்பதில்லை.

இங்கே எடுத்துக்கொள்ளும் ஃபைலில் மூன்று தாள்கள் உண்டு. ‘தரவு’த் தாளில் ஒவ்வொரு நிரையும் ஒரு நாள், ஒரு மலை: திகதி, டிவிசன், மலை இலக்கம், கழிவு போக நிகரக் கிலோ, ஆள் எண்ணிக்கை, மழை மில்லிமீற்றர். ‘கணக்கு’த் தாளில் தெரிவுக்கு ஏற்ப நாள்வாரியாகக் கூட்டிய சிறு அட்டவணை. ‘பார்வை’த் தாளில் தெரிவுப் பட்டியலும் சார்ட்டும். சங்கிலி இவ்வளவுதான்: தெரிவுக் கலம், அதைப் பார்க்கும் நடு அட்டவணை, அதைப் பார்க்கும் சார்ட்.

எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் நடு அட்டவணைக்குப் போங்கள். தெரிவை மாற்றிவிட்டு அங்கே எண்கள் மாறுகின்றனவா என்று பாருங்கள். எண்கள் சரியாக மாறியும் சார்ட் பிழையென்றால் கோளாறு சார்ட்டின் அமைப்பில். எண்களே பிழையென்றால் சார்ட்டைத் தொடாதீர்கள். சூத்திரத்தையும் தரவையும் பாருங்கள். இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்தும். நடு அட்டவணையே வைக்காமல் தரவிலிருந்து நேரே சார்ட் கீறியிருந்தால் இந்தச் சோதனைக்கு இடமில்லை. அதனால்தான் நடு அட்டவணை கட்டாயம் வேண்டும் என்கிறோம்.

கீழே சொல்வது எக்செலுக்கு. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஒஃபிஸ் வித்தியாசங்கள் கடைசியில் வரும். சார்புகளின் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம். கலத்தில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் இடுங்கள்.

தெரிவை மாற்றினாலும் எதுவுமே அசையவில்லை

எஃப்9 விசையை ஒரு முறை அழுத்துங்கள். உடனே மாறினால் ஃபைல் கையால் கணக்கிடும் நிலையில் இருக்கிறது. ஃபோர்முலாஸ் மெனுவில் கல்குலேஷன் ஒப்ஷன்ஸுக்குப் போய் ஓட்டோமெட்டிக்கைத் தெரியுங்கள். ‘நான் அதை மாற்றவே இல்லையே’ என்று தோன்றலாம். எக்செல் அன்று முதலில் திறந்த ஃபைலின் கணக்கிடும் நிலையையே அதன்பின் திறக்கும் ஃபைல்களுக்கும் எடுத்துக்கொள்ளும். கையால் கணக்கிடும்படி வைத்த பெரிய சம்பள ஃபைல் ஒன்றை முதலில் திறந்துவிட்டு இதைத் திறந்திருந்தால் அதுதான் காரணம்.

எஃப்9க்கும் அசையாவிட்டால் சார்ட்டை ஒரு முறை கிளிக் செய்யுங்கள். கோடொன்றைத் தெரிவுசெய்யும்போது மேலே சூத்திரப் பட்டையில் அது எந்தத் தாளின் எந்தக் கலங்களைப் பார்க்கிறது என்று தெரியும். ‘தரவு’த் தாளைக் காட்டினால் சார்ட் நடு அட்டவணையை விட்டுவிட்டு மூலத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எதுவுமே தெரியாமல் படங்களுக்குரிய மெனு திறந்தால் அது சார்ட் அல்ல, யாரோ படமாக ஒட்டிய பிரதி. வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்த ஃபைல் என்றால் மேலே மஞ்சள் பட்டை இருக்கும். எனேபிள் எடிட்டிங் கொடுக்கும்வரை பட்டியலில் தெரிவை மாற்ற முடியாது.

முதல் நிரை சரி, கீழே போகப் போகப் பிழை

நடு அட்டவணையில் முதல் நாளின் கிலோ சரியாக வருகிறது, இரண்டாம் நாளிலிருந்து பூச்சியம். சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது தெரிவுக் கலத்தின் முகவரியும் கூடவே இறங்கிவிட்டது. பி2 என்று இருந்தது பி3, பி4 என்று வெற்றுக் கலங்களைத் தேடுகிறது. முதல் கலத்தின் சூத்திரத்துக்குள் போய், பி2 மேல் கேர்சரை வைத்து எஃப்4 அழுத்துங்கள். டொலர் குறிகள் விழுந்து முகவரி பூட்டப்படும். பிறகு மீண்டும் கீழே இழுங்கள்.

சூத்திரம் இப்படி அமைய வேண்டும்: சம்இஃப்ஸ் சார்பில் முதலில் கூட்ட வேண்டிய நிகரக் கிலோ நிரல், அடுத்துத் திகதி நிரல், அதற்கு நிபந்தனையாக இந்த நிரையின் திகதி, அடுத்து டிவிசன் நிரல், அதற்கு நிபந்தனையாகப் பூட்டிய தெரிவுக் கலம். கூட்ட வேண்டிய நிரல் முதலில் வரும். பழைய சம்இஃப் சார்பில் அது கடைசியில் வரும். அந்தப் பழக்கத்தில் எழுதினால் சரியான விடை வராது.

நடு அட்டவணை முழுவதும் பூச்சியம்

சூத்திரம் சரி, டொலர் குறியும் சரி, ஆனாலும் எல்லாம் பூச்சியம். தெரிவில் இருக்கும் பெயரும் தரவில் இருக்கும் பெயரும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் எக்செலுக்கு ஒன்றாக இல்லை.

‘மேல் டிவிசன்’ என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டியிருந்தாலே போதும், பொருந்தாது. வெற்றுக் கலமொன்றில் லென் சார்பை இட்டு இரண்டு பெயரின் நீளத்தையும் பாருங்கள். நீளம் வேறுபட்டால் ட்ரிம் சார்பால் வெட்டுங்கள். ட்ரிம் போட்டும் நீளம் குறையாவிட்டால் அது வலைப்பக்கத்திலிருந்தோ வேறு மென்பொருளிலிருந்தோ கொப்பி செய்தபோது வந்த 160ஆம் இலக்க வெற்றிடம். சப்ஸ்டிட்யூட் சார்பில் ‘சார்’ 160ஐக் கொடுத்து வெறுமையாக மாற்ற வேண்டும். தமிழில் இன்னுமொரு வம்பு உண்டு. ‘ஔ’ என்ற ஓரெழுத்தை ‘ஒ’வும் ‘ள’வுமாக இரண்டாகத் தட்டியிருப்பார்கள். ‘ஸ்ரீ’யை ஒரு விசைப்பலகை ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் உள்ளிடும். திரையில் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

திருத்துவதைவிடத் தடுப்பது நல்லது. டிவிசன் பெயர்களை ஒரு தாளில் ஒரே ஒரு முறை எழுதுங்கள். பார்வைத் தாளின் தெரிவுப் பட்டியலும், தரவுத் தாளில் கொழுந்துக் கணக்கைப் பதியும் நிரலும், இரண்டுமே அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கட்டும். டேட்டா மெனுவில் டேட்டா வலிடேஷன், அதில் லிஸ்ட். கையால் பெயர் தட்டும் வேலை நின்றால் இந்தக் கோளாறும் நின்றுவிடும்.

பெயர் பொருந்தியும் பூச்சியமென்றால் கிலோ நிரலைப் பாருங்கள். எண்கள் கலத்தின் இடப்பக்கம் ஒட்டியிருக்கின்றனவா, மூலையில் பச்சை முக்கோணம் தெரிகிறதா? அப்படியானால் அவை எண் வடிவில் இருக்கும் எழுத்துகள். சம்இஃப்ஸ் அவற்றைக் கூட்டாது. டிஜிட்டல் தராசிலிருந்தோ வேறு மென்பொருளிலிருந்தோ இறக்கிய தரவில் இது அடிக்கடி வரும். நிரலைத் தெரிந்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு கொலம்ஸ் திறந்து, எதையும் மாற்றாமல் ஃபினிஷ் கொடுங்கள். எண்ணாக மாறிவிடும். ‘125 கி’ என்று அலகையும் சேர்த்து எழுதியிருந்தால் இது பலிக்காது. ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸில் ‘கி’யை நீக்கிவிட்டுச் செய்யுங்கள். அலகு தலைப்பில் இருக்கட்டும், கலத்துக்குள் வேண்டாம்.

பட்டியலிலும் சார்ட்டிலும் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன

தரவுத் தாளில் அழகான தமிழ். சார்ட்டின் அச்சிலும் தெரிவுப் பட்டியலிலும் பார்த்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். தரவு பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டிருக்கிறது. பாமினியில் கலத்துக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளே; எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்துகிறது. எழுத்துரு போகாத இடத்தில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது.

சார்ட்டின் எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றினால் சார்ட் வரையில் சமாளிக்கலாம். ஆனால் டேட்டா வலிடேஷன் பட்டியலின் எழுத்துருவை மாற்ற எக்செலில் வழியில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பாமினியில் ‘ம’வும் ‘மு’வும் ஒரே விசையின் சிறிய, பெரிய எழுத்துகள், ‘க’வும் ‘கு’வும் அப்படியே, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அப்படியே. சம்இஃப்ஸும் மேட்ச்சும் எக்ஸ்லுக்அப்பும் ஆங்கிலத்தில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஆகவே இந்த இடத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு பெயர்களை எக்செல் ஒரே பெயராக எடுத்து இருவரின் கிலோவையும் ஒன்றாகக் கூட்டிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆள்வாரியாகக் கொழுந்து பார்க்கும் ஃபைலில் இது ஒருவர் உழைப்பை இன்னொருவர் பெயரில் காட்டிவிடும். இதை அலட்சியம் செய்யக் கூடாது.

வழி ஒன்றுதான்: யுனிகோடுக்கு மாறுங்கள். முழு ஃபைலையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியதில்லை. முதலில் பெயர் நிரலைத் தனித் தாளுக்குக் கொப்பி செய்யுங்கள். அங்கே பெயருக்குப் பக்கத்தில் செக்ரோல் (தோட்டத்து ஆள் பதிவேடு) இலக்கம் இருப்பதை உறுதிப்படுத்திவிட்டு, அந்த இலக்கத்தை வைத்தே ஒரே ஆள் திரும்ப வருவதை நீக்குங்கள். பெயரை வைத்து நீக்கினால் மேலே சொன்ன சிக்கலில் ஓர் ஆள் காணாமல் போவார். மிஞ்சும் சிறு பட்டியலை பாமினி–யுனிகோட் மாற்றியில் போட்டு எடுத்து, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபாருங்கள். இனிமேல் தேடல் எல்லாம் செக்ரோல் இலக்கத்தை வைத்தே நடக்கட்டும், பெயர் காட்சிக்கு மட்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் டிவிசனில் வேறு வழியும் இல்லை.

மாதத்தின் முதல் 12 நாள் குழம்பி, மிச்ச நாள் காணாமல் போகிறது

கணினியின் திகதி அமைப்பு அமெரிக்க முறையில், மாதம் முதலில் என்று இருக்கிறது. நீங்கள் 05/06/2024 என்று ஜூன் 5ஐத் தட்டினால் எக்செல் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 13/06/2024 என்று தட்டினால் 13ஆம் மாதம் இல்லையே. அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். விளைவு: 12ஆம் திகதி வரை நாட்கள் வேறு வேறு மாதங்களில் சிதறி, 13 முதல் எதுவும் கூட்டப்படாது.

விண்டோஸின் ரீஜியன் அமைப்பில் நாள் முதலில் வரும் வடிவத்தைத் தெரியுங்கள். ஆனால் அது இனிப் பதிவதற்குத்தான் உதவும். ஏற்கெனவே புரண்ட திகதிகள் தாமாக நிமிராது. எழுத்தாக நிற்பவற்றை டெக்ஸ்ட் டு கொலம்ஸின் மூன்றாம் படியில் டேட், டிஎம்வை என்று கொடுத்து மாற்றலாம். புரண்டு நிற்பவற்றுக்கு உதவி நிரலொன்றில் டேட் சார்பை இட்டு, ஆண்டை அப்படியே கொடுத்து, மாதத்தின் இடத்தில் டே சார்பையும் நாளின் இடத்தில் மந்த் சார்பையும் கொடுங்கள். எது புரண்டது, எது புரளவில்லை என்று பிரித்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். எல்லா நிரைக்கும் போட்டால் சரியாக இருந்தவையும் கெடும்.

ஏழு நாளுக்கு ஒரு முறை வானளாவும் கம்பம்

தரவுத் தாளின் நடுவே யாரோ கிழமைக் கூட்டுத்தொகை நிரை சேர்த்திருக்கிறார்கள். அதுவும் ஒரு நாளின் கொழுந்தாகக் கூட்டப்படுகிறது. தரவில் கூட்டுத்தொகை, வெற்று நிரை, இணைத்த கலம் மூன்றும் இருக்கக் கூடாது. கூட்டுத்தொகை வேண்டுமென்றால் கணக்குத் தாளில் போடுங்கள்.

‘எல்லா டிவிசனும்’ தெரிவுசெய்தால் வெறுமை

அப்படியொரு டிவிசன் தரவில் இல்லை, அதனால் விடை பூச்சியம். தெரிவுக் கலத்துக்கு அருகே ஓர் உதவிக் கலம் வையுங்கள். இஃப் சார்பால், தெரிவு ‘எல்லா டிவிசனும்’ என்றிருந்தால் சிறிது-பெரிது குறிகள் இரண்டையும் சேர்த்த <> குறியை மேற்கோளுக்குள் கொடுக்கவும், இல்லாவிட்டால் தெரிந்த பெயரையே கொடுக்கவும் சொல்லுங்கள். சம்இஃப்ஸ் இந்த உதவிக் கலத்தை நிபந்தனையாக எடுக்கட்டும். <> என்றால் வெறுமையாக இல்லாத எல்லாம். நட்சத்திரக் குறி போடும்படி சொல்வோரும் உண்டு. அது எழுத்துக்கு மட்டுமே பொருந்தும். மலை இலக்கம் போன்ற எண் நிரலில் ஒன்றையும் பிடிக்காது.

புதிதாகப் பதிந்த நாட்கள் சார்ட்டில் வரவில்லை

தரவைச் சாதாரண வீச்சாக வைத்து, சூத்திரத்தில் 2ஆம் நிரை முதல் 366ஆம் நிரை வரை என்று எழுதியிருந்தால் 367ஆம் நிரை அதற்குத் தெரியாது. தரவுக்குள் ஒரு கலத்தில் நின்று கன்ட்ரோல் டி அழுத்தி அட்டவணையாக மாற்றுங்கள். சூத்திரங்களில் அட்டவணையின் நிரல் பெயரையே பயன்படுத்துங்கள். அட்டவணை வளர வளர எல்லாம் சேர்ந்து வளரும்.

அட்டவணையாக மாற்றியும் வளரவில்லையா? கடைசி நிரைக்கும் புதிய பதிவுக்கும் நடுவில் ஒரு வெற்று நிரை விட்டிருப்பீர்கள், அல்லது அட்டவணையின் கீழே டோட்டல் ரோ ஓடுகிறது, அல்லது தாள் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டிய தாளில் எக்செல் அட்டவணை தானாக நீளாது.

நடு அட்டவணையின் நீளமே தெரிவுக்கு ஏற்ப மாறினால், அதாவது ஃபில்டர் சார்பால் எடுத்திருந்தால், சார்ட்டுக்கு ஒரு பெயரிட்ட வீச்சு வேண்டும். ஃபில்டர் எக்செல் 2021இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் 365இலும்தான் உண்டு. ஃபோர்முலாஸ் மெனுவில் நேம் மனேஜர், நியூ. பெயரை வெற்றிடமில்லாமல் சிறிய ஆங்கிலச் சொல்லாக வையுங்கள். ரிஃபர்ஸ் டு பெட்டியில் ஃபில்டர் இருக்கும் முதல் கலத்தைக் காட்டி, இறுதியில் # குறி இடுங்கள். திகதிக்கு ஒரு பெயர், கிலோவுக்கு ஒரு பெயர். பிறகு சார்ட்டில் வலது கிளிக் செய்து செலக்ட் டேட்டா, எடிட். சீரீஸ் வெல்யூஸ் பெட்டியில் தாளின் பெயரும் ஆச்சரியக்குறியும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு அதன் பின்னால் வரும் கல முகவரியை மட்டும் அழித்து, உங்கள் பெயரை இடுங்கள். வெறும் பெயரை மட்டும் இட்டால் எக்செல் ஏற்காது. பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான். அந்தப் பெட்டிக்குள் அம்பு விசையை அழுத்தினால் கலம் கலமாக முகவரி நுழைந்து குழப்பும். முதலில் எஃப்2 அழுத்திவிட்டால் அம்பு விசை எழுத்துகளுக்கு இடையில் நகரும்.

பழைய எக்செலில் இதே வேலையை ஒஃப்செட் சார்பு செய்யும்: தொடக்கக் கலம், 0, 0, உயரத்துக்குக் கவுண்ட் சார்பு, அகலம் 1. உயரத்துக்குக் கவுண்ட்ஏ போடாதீர்கள். வெறுமையைக் காட்டும் சூத்திரக் கலங்களையும் அது எண்ணிவிடும். கோட்டின் வாலில் பூச்சியங்கள் நீளும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கோடு பூச்சியத்துக்கு விழுகிறது

கொழுந்து எடுக்காத நாளில் சம்இஃப்ஸ் பூச்சியம் தருகிறது, கோடு அதை அப்படியே காட்டுகிறது. பூச்சியத்துக்குப் பதில் இரட்டை மேற்கோளால் வெறுமை கொடுத்தாலும் பயனில்லை. அது எழுத்து என்பதால் சார்ட் அதையும் பூச்சியமாகவே கீறும். என்ஏ சார்பைக் கொடுங்கள். கவுண்ட்இஃப்ஸால் அன்றைக்குப் பதிவு ஒன்றாவது உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் என்ஏ, உண்டென்றால் கூட்டுத்தொகை. கூட்டுத்தொகை பூச்சியமா என்று பார்ப்பதைவிட இது நேர்மையானது. வேலை நடந்தும் கொழுந்து பூச்சியமாகப் போன நாள் மறைந்துவிடக் கூடாது.

என்ஏ இருக்கும் நிரலை வெறும் சம் சார்பால் கூட்ட முடியாது. அக்ரிகேட் சார்பில் 9, 6 என்று கொடுங்கள்: 9 என்றால் கூட்டு, 6 என்றால் பிழைகளைத் தவிர்.

கம்பச் சார்ட்டில் பதிவு இல்லாத நாட்களுக்கு இடம் விடுவது வேறு கோளாறு. திகதி அச்சு எல்லா நாளையும் காட்டும். அச்சில் வலது கிளிக், ஃபோர்மட் எக்ஸிஸ், டெக்ஸ்ட் எக்ஸிஸ். இடைவெளி மறையும். ஆனால் மட்டம் (ஒரே மலைக்கு மீண்டும் கொழுந்தெடுக்க வரும் சுற்று) எத்தனை நாளுக்கு ஒரு முறை திரும்புகிறது என்று பார்க்கும் சார்ட்டில் இதைச் செய்யாதீர்கள். அங்கே அந்த இடைவெளியே செய்தி.

டிவிசனை மாற்றியதும் சார்ட் வெறுமையாகிறது, மலை இலக்கத்தையும் மாற்றினால் வருகிறது

இரண்டு பட்டியல்களில் ஒன்று மற்றதைச் சார்ந்தது. மேல் டிவிசனில் 7ஆம் மலையைப் பார்த்துவிட்டுக் கீழ் டிவிசனுக்கு மாறினால், மலைக் கலத்தில் பழைய 7 அப்படியே நிற்கும். அங்கே 7 இல்லாவிட்டால் வெறுமை. இருந்தால் இன்னும் மோசம், நீங்கள் தெரிவுசெய்யாத மலை திரையில் வரும். எக்செல் சார்ந்த பட்டியலைத் தானாக அழிப்பதில்லை. கவுண்ட்இஃப்ஸால் இந்த டிவிசனில் இந்த மலை உண்டா என்று சோதித்து, இல்லையென்றால் ‘மலையை மீண்டும் தெரியவும்’ என்று சிவப்பில் காட்டும் கலம் ஒன்றைப் பட்டியலுக்கு அருகில் வையுங்கள்.

ஸ்லைசர் கோளாறுகள்

தரவைத் தானே தொகுக்கும் பிவொட்டின் சார்ட்டும், பொத்தானால் வடிகட்டும் ஸ்லைசரும் பயன்படுத்தினால் சூத்திரம் எழுதும் வேலை குறையும், ஆனால் பிவொட் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. தரவு பதிந்ததும் கன்ட்ரோல், ஓல்ட், எஃப்5 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிவொட்டேபிள் ஒப்ஷன்ஸின் டேட்டா பகுதியில் ‘ஃபைலைத் திறக்கும்போது புதுப்பி’ என்ற பெட்டியையும் குறியிடுங்கள்.

கிலோவுக்குப் பதில் 25, 26 என்று சிறு எண்கள் வந்தால் பிவொட் கூட்டாமல் எண்ணுகிறது. கிலோ நிரலில் எங்கோ ‘லீவு’ என்றோ கோடு ஒன்றோ எழுதியிருக்கிறது. அதை நீக்கிவிட்டு வெல்யூ ஃபீல்ட் செட்டிங்ஸில் சம் தெரியுங்கள்.

ஒரு ஸ்லைசர் இரண்டு சார்ட்டில் ஒன்றை மட்டும் அசைத்தால் ஸ்லைசரில் வலது கிளிக் செய்து ரிப்போர்ட் கனெக்ஷன்ஸில் இரண்டாவது பிவொட்டையும் குறியிடுங்கள். பட்டியலில் அது இல்லவே இல்லையென்றால் இரண்டு பிவொட்டும் வேறு வேறாக உருவானவை. முதலாவதைக் கொப்பி செய்து ஒட்டி, அதை இரண்டாவதாக மாற்றி அமைப்பதே சுருக்கமான வழி.

மூடிய டிவிசன்களின் பெயர் ஸ்லைசரில் தொங்கிக்கொண்டிருந்தால் பிவொட்டேபிள் ஒப்ஷன்ஸ், டேட்டா, நம்பர் ஒஃப் ஐட்டம்ஸ் டு ரிட்டெய்ன் என்பதில் நன் என்று வைத்துப் புதுப்பியுங்கள். சாதாரண அட்டவணையின் ஸ்லைசரை அழுத்தும்போது பக்கத்திலிருக்கும் சார்ட் நசுங்கினால், நிரைகள் மறையும்போது சார்ட்டும் சுருங்குகிறது என்று அர்த்தம். சார்ட்டின் ப்ரொப்பர்ட்டீஸில் கலங்களோடு நகராதபடி வையுங்கள்.

மாதங்கள் ஏப்ரல், ஒக்டோபர் என்று தாறுமாறாக வருகின்றன

மாதப் பெயரை எழுத்தாகத் தட்டியதால் பிவொட் அதை அகர வரிசையில் அடுக்குகிறது. ஃபைல், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், எடிட் கஸ்டம் லிஸ்ட்ஸ் போய் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு பட்டியல் சேர்க்கலாம், ஆனால் அது அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும். ஃபைலோடு போக வேண்டுமென்றால் மாதத்தின் முதலாம் திகதியை உண்மையான திகதியாக வையுங்கள்.

ஆண்டு, மாதம் என்று இரண்டு பட்டியல் வைப்பதைவிட, ‘இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை’ என்று இரண்டு கலம் வைப்பதே மலைநாட்டுக்குப் பொருத்தம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அது ஒரே ஆண்டுக்குள் அடங்கும். பதுளை, அப்புத்தளைப் பக்கத்துக்கு வடகீழ் பருவமழை டிசம்பரில் தொடங்கிப் பெப்ரவரியில் முடிகிறது. ஆண்டுப் பட்டியல் அந்தப் பருவத்தை நடுவில் வெட்டிவிடும்.

மழை கம்பங்கள் தெரியவில்லை. தேயிலைக் கோடு தரையோடு கிடக்கிறது

கொழுந்து ஆயிரக்கணக்கான கிலோ, மழை பத்துகளில் மில்லிமீற்றர். ஒரே அச்சில் மழை தெரியாது. சார்ட்டில் வலது கிளிக், சேஞ்ச் சார்ட் டைப், கொம்போ. மழையைக் கம்பமாக்கி செகண்டரி எக்ஸிஸைக் குறியிடுங்கள். மழை பெய்த அன்றே கொழுந்து கூடாது, ஒன்றிரண்டு மட்டம் கழித்துத்தான் தெரியும். ஆகவே கம்பமும் கோடும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று ஃபைலைச் சந்தேகிக்காதீர்கள்.

கொழுந்தையும் ஃபெக்டரியில் கிடைத்த தேயிலையையும் ஒரே சார்ட்டில் போட்டால் இரண்டாம் அச்சைவிட விகிதம் நல்லது. 100 கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஏறத்தாழ 21, 22 கிலோ தேயிலை கிடைக்கும். அந்த வீதத்தைக் கீறினால் கோடு கிட்டத்தட்டச் சமமாக ஓடும். திடீரென்று 30 என்று எகிறினால் அந்த நாளின் பதிவில் பிழை. அதேபோல ஆள் ஒன்றுக்குச் சராசரி வேண்டுமென்றால் மொத்தக் கிலோவை மொத்த ஆளால் வகுங்கள். மலைவாரிச் சராசரிகளைச் சேர்த்து மீண்டும் சராசரி எடுத்தால் ஐந்து பேர் எடுத்த மலைக்கும் ஐம்பது பேர் எடுத்த மலைக்கும் ஒரே எடை போய்விடும்.

இரண்டு டிவிசனும் ஒரே அளவு போலத் தெரிகிறது

அச்சு தானாகச் சரிசெய்துகொள்ளும் நிலையில் இருந்தால், 800 கிலோ டிவிசனும் 3,000 கிலோ டிவிசனும் சார்ட்டை ஒரே மாதிரி நிரப்பும். பார்ப்பவர் ஏமாறுவார். அச்சின் உச்சத்தை 3,500 என்று கையால் வைத்தால் ஒருநாள் 4,000 வரும்போது கம்பம் வெட்டுப்படும். நடு அட்டவணையில் இன்னொரு நிரல் சேர்த்து, எல்லா டிவிசன்களிலும் ஒரு நாளில் வந்த அதிகபட்ச கிலோவை மக்ஸ் சார்பால் எடுத்து எல்லா நிரையிலும் வையுங்கள். அதைச் சார்ட்டில் நிறமில்லாத கோடாகச் சேருங்கள். அச்சு தரவோடு வளரும், டிவிசன் மாறினாலும் மாறாது. ‘எல்லா டிவிசனும்’ பார்க்கும்போது மட்டும் அச்சு அதற்குமேல் உயரும், அது சரிதான்.

தலைப்பு மாறவில்லை

தலைப்பைத் தெரிந்து, சூத்திரப் பட்டையில் சமன் குறி இட்டு, ஒரு கலத்தைக் கிளிக் செய்து என்டர் கொடுங்கள். தலைப்புக்குள் நேரே சூத்திரம் எழுத முடியாது. ஒரு கலத்தைச் சுட்டத்தான் முடியும். டிவிசன், மலை, திகதி வீச்சு எல்லாவற்றையும் அந்தக் கலத்தில் & குறியால் இணையுங்கள்.

புது வருட ஃபைலில் பழைய வருடத்தின் கோடு

சார்ட்டைப் பழைய ஃபைலிலிருந்து கொப்பி செய்து ஒட்டியிருக்கிறீர்கள். சூத்திரப் பட்டையில் சதுர அடைப்புக்குள் பழைய ஃபைலின் பெயர் தெரியும். டேட்டா மெனுவில் எடிட் லிங்க்ஸ் (புதிய 365இல் வொர்க்புக் லிங்க்ஸ்), சேஞ்ச் சோர்ஸ், புது ஃபைலையே தெரியுங்கள். அடுத்த வருடம் முழு ஃபைலையும் சேவ் அஸ் செய்து, தரவை மட்டும் நீக்கித் தொடங்குங்கள்.

கூகுள் ஷீட்ஸும் லிப்ரே ஒஃபிஸும்

கூகுள் ஷீட்ஸின் ஸ்லைசர் அதே தாளில் அதே தரவைப் பார்க்கும் சார்ட், அட்டவணை, பிவொட் ஆகியவற்றை மட்டும் அசைக்கும். சம்இஃப்ஸ் போன்ற சூத்திரங்களைத் தொடாது. ஸ்லைசரில் ஒருவர் தெரிவுசெய்வது மற்றவர் திரையில் வராது. எல்லாருக்கும் ஒரே காட்சி வேண்டுமென்றால் ஸ்லைசர் மெனுவில் இப்போதைய வடிகட்டலை இயல்பாக வைக்கக் கொடுங்கள். டேட்டா வலிடேஷன் பட்டியலில் தெரிவுசெய்வது அப்படியல்ல, அது எல்லாருக்கும் மாறும். மேலாளரும் கணக்கப்பிள்ளையும் ஒரே நேரத்தில் திறந்து பார்க்கும் ஃபைலில் ஒருவர் டிவிசனை மாற்ற மற்றவரின் சார்ட்டும் மாறிக் குழப்பும். அங்கே ஆளுக்கொரு பார்வைத் தாள் கொடுத்துவிடுங்கள், தரவுத் தாள் ஒன்றே போதும்.

லிப்ரே ஒஃபிஸின் சார்ட் பெயரிட்ட வீச்சை ஏற்காது. ஆகவே நடு அட்டவணைக்கு 31 நிரை என்று நிலையான நீளம் கொடுத்து, மிச்ச நாட்களுக்கு என்ஏ விடுங்கள். நடு அட்டவணை இருக்கும் நிரைகளை மறைத்ததும் சார்ட் வெறுமையானால், மறைந்த கலங்களையும் சேர்க்கும் தெரிவைக் குறியிடுங்கள். எக்செலிலும் இதே நடக்கும். அங்கே செலக்ட் டேட்டாவில் ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ் திறந்து, மறைந்த நிரைகளைக் காட்டும்படி குறியிட வேண்டும். நிரைகளை மறைப்பதைவிட, ‘கணக்கு’ என்று தனித் தாளாக வைத்துத் தாளையே மறைத்தால் சார்ட் அதனால் பாதிக்கப்படாது.